தாளத்தில் ஓடிய முன்வரிசை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது மூன்று. அதில் ஒன்றுகூடப் பந்தை உதைத்ததில்லை. மைதானத்தில் வளர்த்தது எத்தனை என்று கேட்காதீர்கள், கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கோவையில் ஒரு கிளப்பின் பெண்கள் அணியைப் பதினோரு வருடம் ஓட்டினேன். சேலை கட்டி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டு, ஓரக்கோட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்கும் கிழவி என்றால் இந்தப் பக்கத்தில் கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் என்னைக் கோச்சம்மா என்பார்கள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், என் பெயரை எழுதுவேன். ஆனால் பதினொரு பெண்கள் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அடுத்து எங்கே ஓட்டை விழும் என்று சொல்லிவிடுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது இதைச் சொல்ல வேண்டிய அவசரம் உங்களால் வந்தது. நீங்கள் புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கிறீர்கள். ஒரு மாதமாக உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வருகிறீர்கள், இல்லையென்றால் போன் போடுகிறீர்கள். எல்லோர் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது. என் பிள்ளைகள் கும்மித் தாளத்துக்குக் கால் வைத்துக்கொண்டே பந்தைக் கடத்திக் கொண்டுபோய்க் கோல் போடுகிற வீடியோ. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "அந்தக் கும்மி முறையை எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கம்மா" என்கிறீர்கள். வெள்ளகோவில் பக்கம் போய் அந்தத் தாளத்தோடு நாங்கள் என்ன ஆனோம் என்பதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் இதைச் சொல்லிக் கொடுத்தால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். ஒரு மாதமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

முதலில் நான் இந்த வேலைக்கு வந்த வழி. ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். மில்லுக்குச் சொந்தமாக மைதானம் இருந்தது, ஆண்கள் அணி இருந்தது. மேட்ச் நாளில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் அதிகம் பேசாதவர். ஒருநாள் நான் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்றார். "பந்து அடிக்கறவனுக்கு இந்த கிரவுண்டு எத்தன பெருசுன்னு தெரியாது. கோடு போடற உங்களுக்குத்தான் தெரியும். ஒருநா ஆட்டத்தப் பாருங்க. எங்க ஆளே இல்லயோ அங்க பாருங்க" என்றார். அன்றிலிருந்து நான் காலி இடத்தைப் பார்க்கப் பழகினேன். மில் மூடிய பிறகு மைதானத்தைக் கிளப் எடுத்துக்கொண்டது. பெண்களுக்கு அணி தொடங்கினார்கள், பயிற்சி கொடுக்க ஆள் வரவில்லை. கோடு போட வந்தவள் நின்றுவிட்டேன்.

எனக்குப் பிடித்தது ஏறி அடிக்கிற ஆட்டம். பின்னால் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று. ஆனால் பந்து நம் காலுக்கு வந்ததும் பின்னால் நிற்கும் நான்கில் இரண்டு ஓரத்துப் பெண்களும் முன்னே ஏறிவிட வேண்டும். அப்போது எதிரி கோல் பக்கம் நம் ஆட்கள் ஐந்து, ஆறு என்று குவிந்துவிடுவார்கள். எதிரி யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று திணறுவாள். இதற்கு ஒரு விலை உண்டு. முன்னால் ஆள் கூட்டினால் பின்னால் கதவு திறந்து கிடக்கும். பந்து பறிபோனால் எதிரி நேராக நம் கோலிடம் போய் நிற்பாள். அதனால் ஒவ்வொருத்தியும் எப்போது ஓடுவது என்பதுதான் முக்கியம். எங்கே ஓடுவது என்பதைக் கல் வைத்துக்கூடக் காட்டிவிடலாம். எப்போது என்பதைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. என் பிள்ளைகள் மூன்று ஃபார்வர்டும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் போய் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

கும்மி வந்தது வேறு வழியில். உங்களுக்கே தெரியும், இப்போது நம் பக்கத்தில் கும்மி இல்லாத ஊர் இல்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலை கட்டி அரங்கேற்றம் ஆடுகிறார்கள். என் அணியிலும் பாதிப் பேர் செவ்வாயும் வெள்ளியும் கும்மிப் பயிற்சிக்குப் போய்விட்டு மூச்சு வாங்க மைதானத்துக்கு ஓடி வருவார்கள். எனக்குக் கோபம். கேப்டன் கோகிலாவைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் நடுவில் ஆடுகிறவள், பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவள்.

"ஏன் கண்ணு, பந்து வேணுமா, கும்மி வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க கோச்சம்மா. அங்கயும் கால் தப்புனா பக்கத்துல இருக்கறவ மேல முட்டிக்குவோம்."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். மறுநாள் பந்தை நடுவில் வைத்துத் தாளம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று என்றால் பந்து கோகிலாவின் காலுக்கு. இரண்டு என்றால் சென்டர் ஃபார்வர்டு கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் இறங்குவாள். அவளைக் காவல் காக்கும் எதிரி ஸ்டாப்பரும் கூடவே இழுபட்டு வருவாள். பின்னால் இடம் காலியாகும். மூன்று என்றால் இடது விங் அந்தக் காலி இடத்துக்குள் வெட்டி நுழைவாள், பந்து அவளுக்குப் போகும். நான்கு என்றால் கோகிலா எதிரி கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டியின் வலது முனைக்கு ஓடுவாள். பின்னால் நிற்கும் ஓரத்துப் பேக்குகள் இரண்டு பேரும் ஓரக்கோட்டோடு ஏறுவார்கள்.

ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. நான் வாயால் எண்ண வேண்டியதுகூட இல்லை, கோகிலா உதட்டுக்குள் எண்ணுவாள், மற்றவர்கள் காலுக்கே தெரியும். "கோச்சம்மா, கோல் போட்டா ஒரு சுத்துக் கும்மி உண்டுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த சீசனில் முதல் ஆறு ஆட்டத்திலும் நாங்கள் தோற்கவில்லை. அந்த வீடியோ அப்போது எடுத்ததுதான்.

இனி ரஹ்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உக்கடத்துப் பெண். குளத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆட்டோ போனால் இன்னொன்று ஒதுங்க முடியாத சந்தில், அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்தவள். முழுக்கால் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. பந்து அவள் காலுக்கு வந்தால் சுவரில் ஒட்டிய மாதிரி நிற்கும். அவளைச் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டு எண்ணினால் மற்றவர்கள் இறங்குகிற இடத்தில் அவள் நின்றுவிடுவாள். சுற்றிப் பார்ப்பாள். பிறகு போவாள், அதுவும் நான் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப் பக்கம். ஒரு மாலை அப்படி மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டாள். அப்படி ஒரு கோலை நான் ஆண்கள் ஆட்டத்தில்கூட அதிகம் பார்த்ததில்லை. மைதானமே கை தட்டியது. நான் தட்டவில்லை.

"எத்தன தடவ சொல்றது? ரெண்டுல எறங்கோணும்."

"எறங்குனா என்னப் புடிக்கற அந்தக்கா முன்னாடியே வந்து நிக்கறாங்களே கோச்சம்மா. அதான் எறங்கல."

"நீ எறங்கலீன்னா மூணுல வர்றவளுக்கு எடம் ஏது?"

"இவங்க காதுல பாட்டு ஓடுது கோச்சம்மா. எனக்குக் கேக்க மாட்டேங்குது, நா என்ன பண்றது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆறு ஆட்டத்திலும் அவளை வெளியே உட்கார வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பை தூக்கிக்கொண்டு வந்தாள், ஷூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஷூவை அவிழ்த்துக்கொண்டு போனாள். முகம் சுளித்ததில்லை. ஜெயித்துக்கொண்டிருந்ததால் என்னை யாரும் கேட்கவில்லை. இதைக் கவனியுங்கள். ஜெயிக்கிற நாட்களில் நாம் செய்கிற தப்பை எடுத்துச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின வாரம் கிளப் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பீளமேட்டில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியைத் தன் தோள் துண்டால் துடைக்காத குறையாக இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்கம்மா. தப்பா எடுத்துக்கப்படாது. அடுத்த வருசத்துலருந்து லீக்குல ஆடோணும்னா கோச்சுக்கு சர்டிஃபிகேட் இருக்கோணுமாம்."

"எனக்கு இல்லீங்க."

"அதுதானுங்க. சர்டிஃபிகேட் வெச்சிருக்கற புள்ள ஒண்ணு வாரேன்னு சொல்லிருக்குது. கமிட்டில எல்லாரும் அதுக்குச் சரின்னுட்டாங்க. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கறன். ஃபைனலுக்குப் போயிட்டம்னா வெச்சுக்கங்க, இந்தம்மாவ மாத்தப்படாதுன்னு நான் சண்டையே போட்டுப்போடுவேன். அந்தப் புள்ள பேருல கையெழுத்து, நெசத்துல நீங்க. அப்படி ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"போகலீன்னா?"

அவர் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "டீ ஆறுதுங்க, குடிங்க."

அவ்வளவுதான் பேச்சு. வெள்ளகோவிலில் ஜெயித்தால் ஃபைனல். சமமாக முடிந்தாலும் கோல் கணக்கில் வெள்ளகோவில் அணிதான் போகும். ஜெயித்தால் என் பிள்ளைகள் என்னிடம், இல்லாவிட்டால் வேறு ஒருத்தியிடம். நான் இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. காங்கேயம் தாண்டுகிற வரைக்கும் வண்டியில் ஒருத்திகூடப் பாடவில்லை.

போய் இறங்கினால் அங்கே உபசரிப்பு. அவர்களுடைய கோச் ஒரு பள்ளிக்கூட டீச்சர். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்று எல்லார் கையிலும் டம்ளர் கொடுத்தார். நம் பக்கத்தில் எதிரியையும் அப்படித்தான் கும்பிட்டு வரவேற்பார்கள். மோர் குடித்துக்கொண்டு நிற்கையில் அவர்களுடைய ஸ்டாப்பர், உயரமான பெண், கோகிலாவிடம் வந்தாள்.

"ஏனுங்க, நீங்க காங்கேயம் அரங்கேற்றத்துல ஆடுனீங்கதான? மஞ்சச் சீலை செட்டு?"

"ஆமாங்க! நீங்க?"

"பச்சச் சீலைங்க. நாங்க பதினொரு பேரும் ஒண்ணா ஆடுனோம். உங்க வரிசைக்கு நேர் எதுக்க."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், காது நன்றாகத்தான் கேட்கிறது. கேட்டும், "பேசினது போதும், ஷூவக் கட்டு" என்று சொன்னேன். என் தலைக்குள் செயலாளரின் டீ டம்ளர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஒன்று, பந்து கோகிலாவிடம். இரண்டு, என் சென்டர் ஃபார்வர்டு இறங்குகிறாள். அந்த உயரமான ஸ்டாப்பர் கூட வரவில்லை. மூன்றில் இடது விங் எங்கே வருவாளோ அங்கே முன்கூட்டியே போய் நின்றாள். பந்து அவள் காலுக்குத் தானாகப் போனது. என் பேக்குகள் இருவரும் ஏறியிருந்தார்கள், பின்னால் கதவு திறந்து கிடந்தது. நீளமாக ஓர் உதை, ஒரே ஓட்டம், கோல். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே போல. நிறுத்தி வைத்துப் பார்த்த மாதிரி அதே இடம், அதே உதை. இரண்டு பூஜ்யம்.

எனக்குப் புரியவில்லை. ஓரக்கோட்டில் நடக்கிறேன், திரும்பி நடக்கிறேன். கால் நிற்க மாட்டேன் என்கிறது. யாரோ எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

இடைவேளையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துத் திட்டினேன். "தாளம் தப்புறீங்க. சோம்பல். ரெண்டாவது பாதில இதையே வேகமா ஆடோணும். அவளுக யோசிக்கறதுக்குள்ள நாலு முடிஞ்சிருக்கோணும்."

கோகிலா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"கோச்சம்மா, அவங்களும் கும்மி ஆடறவங்கங்க. நம்ம காலு அடுத்தது எங்க வெப்பம்னு அவங்க காலுக்கே தெரியுதுங்க."

வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. ரஹ்மத் மட்டும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்லித் தர்றியா நீ? ஒக்காரு" என்றேன்.

வேகமாக ஆடினார்கள். வேகமாகப் பறிகொடுத்தார்கள். ஒரு பந்து எங்கள் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இல்லாவிட்டால் மூன்று. அப்போது அந்த ஸ்டாப்பர் எனக்கு நேர் முன்னால் நின்றாள். அவளுடைய வலது குதிகாலைப் பார்த்தேன். தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கோகிலாவின் உதடும் அவள் குதிகாலும் ஒன்றாகப் போயின. அவளுக்கே தெரியாமல் தட்டுகிறாள். யாரும் உளவு பார்க்கவில்லை. நான் பாடினேன், அவர்கள் ஆடினார்கள். எதிர் வரிசையில் நின்று.

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். தப்பு என்ன என்று தெரிந்துபோனது. தெரிந்த பிறகும் நான் பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய். பயந்தேன். மற்ற கோச்சுகளிடம் நோட்டு இருந்தது, படம் இருந்தது. என்னிடம் இருந்தது அந்த நாலு எண்ணிக்கை ஒன்றுதான். அதை நானே எடுத்துவிட்டால் ஓரத்தில் நிற்கிற இந்தக் கிழவியிடம் வேறு என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்த்துவிடுவார்கள் அல்லவா? பிள்ளைகள் அங்கே பந்தைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் இங்கே என் மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதுதான் என் பதினோரு வருடத்தில் மோசமான பத்து நிமிடம் என்று அன்று நினைத்தேன். அதைவிட மோசமானது அன்றைக்கு இன்னும் பாக்கி இருந்தது.

கடைசியில் பெஞ்சைப் பார்த்து, "ரஹ்மத், வா" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். ஷூவை எப்போதோ கட்டியிருந்தாள். "ரெண்டுல எறங்கோணுமா கோச்சம்மா?"

"வேண்டாம்."

"பின்ன எப்ப எறங்கறது?"

"உனக்கு எப்பத் தோணுதோ அப்ப."

"ஆறு ஆட்டம் முன்னாடியே இத சொல்லிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

கோகிலாவை ஓரத்துக்குக் கூப்பிட்டு எண்ணுவதை நிறுத்தச் சொன்னேன். அவள் திகைத்துவிட்டாள்.

"எண்ணாம எப்புடிங்க ஆடறது? எப்ப ஓடறதுன்னு எப்புடித் தெரியும்?"

"தலையத் தூக்கு அம்மணி. ரஹ்மத்தப் பாரு. அவ பாக்கற பக்கம் பாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது: அந்த சீசன் முழுக்க என் பிள்ளைகள் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணினால் பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமல் ஆடுகிறவர்களை யார் வேண்டுமானாலும் மறித்துவிடலாம்.

முதல் பந்து ரஹ்மத்துக்குப் போனது. ஸ்டாப்பர் மூன்றாவது எண்ணிக்கைக்குரிய இடத்துக்குப் போய் நின்றாள். ரஹ்மத் இறங்கவே இல்லை, நின்ற இடத்திலேயே நின்று பந்தை வாங்கினாள், திரும்பினாள், உதைத்தாள். இரண்டு ஒன்று. எங்கள் ஆட்கள் கத்துவதற்குக்கூட மறந்துவிட்டார்கள். அடுத்த முறை அவள் இறங்கினாள், ரொம்ப தூரம் இறங்கினாள், நடுக்கோடு வரைக்கும். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஸ்டாப்பர் வருவதா வேண்டாமா என்று பாதி வழியில் நின்றாள். குதிகால் தட்டுவது நின்றுபோனது. அவள் நின்ற நேரத்தில் எங்கள் இடது விங் தலையைத் தூக்கிப் பார்த்து, காலி இடத்தைக் கண்டு, உள்ளே ஓடினாள். பந்து வந்தது. இரண்டு இரண்டு.

நான் ஓரக்கோட்டை விட்டு உள்ளே போய்விட்டேன். நடுவர், "அம்மா, வெளிய நில்லுங்க" என்று இரண்டு தரம் சொன்னார். இன்னும் ஒன்று வேண்டும். ஒன்று போதும். கமிட்டி, சர்டிஃபிகேட், அந்த ஆறிப்போன டீ எல்லாம் ஒன்றில் தீர்ந்துவிடும்.

கடைசி நிமிடம். இதைத்தான் மெதுவாகச் சொல்கிறேன். ரஹ்மத் பெட்டியின் இடது பக்கம் பந்தோடு நிற்கிறாள். ஸ்டாப்பரும் இன்னொருத்தியும் அவள் மேல் விழுந்துவிட்டார்கள். கோகிலா பெட்டிக்கு வெளியே, கோலுக்கு நேராக நிற்கிறாள். அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. தலையைத் தூக்கி ரஹ்மத்தைப் பார்க்கிறாள். ரஹ்மத் அவளைப் பார்க்கிறாள். நான் சொன்னதைத்தான் இரண்டு பேரும் செய்கிறார்கள். அந்த இடத்தில் பந்து வந்தால் கோகிலாவின் காலுக்கு அது தப்பாது.

நான் கத்தினேன். "நாலு!"

ஏன் கத்தினேன் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. வாய் பழகியிருந்தது. பயம் வந்தால் வாய் பழகினதைத்தான் சொல்லும். ஓரத்தில் நின்றவர்களின் கூச்சலில் அதிகம் பேருக்குக் கேட்டிருக்காது, பழகிய குரல், கோகிலாவின் காதில் விழுந்தது. அவள் கால்கள் வலது முனைக்கு ஓடின. பல மாதம் நான் ஓட வைத்த கால்கள். அதே நேரம் ரஹ்மத்தின் பந்து, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, கோகிலா நின்ற இடத்துக்கு வந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை. பந்து தனியாக உருண்டது. அவர்களுடைய பேக் வந்து வெளியே உதைத்தாள். விசில்.

கோகிலா அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டாப்பர் போய் அவளைத் தூக்கி, "அழுகாதீங்க, நல்லாத்தான் ஆடுனீங்க" என்று முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வண்டியில் கோகிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் தப்புதானுங்க கோச்சம்மா. நின்னுருக்கோணும்." நான், "உடு கண்ணு" என்றேன். ரஹ்மத் பின் சீட்டிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ.

மறுநாள் செயலாளர் கேட்டார். "கடசில கேப்டன் எதுக்குங்கம்மா அங்க ஓடுச்சு? நின்னிருந்தா கோலு. எல்லாரும் அதத்தான் பேசறாங்க."

"சின்னப் புள்ளதானுங்களே. பதட்டத்துல ஓடிப்போடுச்சு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். இந்த வாயால். அந்தப் பொய் எனக்கு எதையும் காப்பாற்றித் தரவில்லை. அடுத்த மாதம் சர்டிஃபிகேட் உள்ள பெண் வந்துவிட்டாள். நல்ல பெண், மரியாதையாக என்னிடம் விசில் வாங்கிக்கொண்டாள். நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: ரஹ்மத்தை வெளியே உட்கார வைக்காதே. கோகிலாவைப் பற்றி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த சீசன் முடிந்ததும் கோகிலா கேப்டன் பட்டையைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசி நேரத்தில் நம்ப முடியாதவள் என்று ஒரு பேர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது மேட்டுப்பாளையத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறாள். அவளும் உங்களில் ஒருத்திதான், இது அவள் கைக்கும் வரும்.

தாளத்தைக் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக வருகிற பிள்ளைக்கு எப்போது ஓடுவது என்று காலில் ஏற்ற அது நல்ல வழிதான். ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பிடுங்கிவிடுங்கள். பிடுங்கினால் அவர்கள் தடுமாறுவார்கள், தோற்பார்கள், பெற்றோர் வந்து கேட்பார்கள். அப்போது தலையைத் தூக்குவார்கள். தாளத்துக்கு அடங்காத பிள்ளை ஒன்று உங்களிடமும் வரும். அது உங்களை எதிர்க்கிறது என்று நினைக்காதீர்கள். நீங்கள் பார்க்காத இடத்தை அது பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி நிமிடத்தில் ஓரக்கோட்டில் நிற்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். நாம் செய்ய வேண்டியது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மூட முடியாமல் கத்திவிட்டால், அன்று சாயங்காலமே, எல்லோருக்கும் முன்னால், நான் கத்தினேன் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் சொன்னால் அது வேறு பேச்சு ஆகிவிடும். நான் மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மகளின் மகள். நடுவில் இரண்டு தரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், எழுது என்றேன். போதும் கண்ணு, இப்போது வாசி. முதலிலிருந்து வேண்டாம். அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் வாசி. சத்தமாக வாசி. கத்தியது யார் என்று தெளிவாக இருக்கிறதா, கேட்கிறேன்.